வேலையை விடலாமா? தீர்மானிக்கும் முன் சில சிந்தனைகள்

புனே நகரத்துத் தமிழ்க் குடும்பங்களில் இன்று அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த வேலையில் நீடிப்பதா, விடுவதா?" என்பதே அது. ஹிஞ்சவடியில் கணினிப் பணி செய்யும் இளைஞன் இதைக் கேட்கிறான். சாக்கன் தொழிற்பேட்டையில் ஷிப்டு முறையில் உழைக்கும் குடும்பத் தலைவர் கேட்கிறார். பேறுகால விடுப்பு முடியும் தறுவாயில் இருக்கும் இளந்தாயும் கேட்கிறாள். கேள்வி ஒன்றே, ஆனால் பதில் ஒவ்வொரு வீட்டிற்கும் வேறு. பக்கத்து வீட்டாரின் பதிலைக் கடன் வாங்கித் தன் வீட்டில் பயன்படுத்துகிறவர் துன்பப்பட நேரிடும்.

நம் முந்தைய தலைமுறையினருக்கு இக்கேள்வி இருந்ததில்லை. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையிலோ, தேஹு ரோடு இராணுவக் கிடங்கிலோ, இரயில்வேயிலோ ஒருமுறை இடம் கிடைத்துவிட்டால், ஓய்வு பெறும் நாள் வரை அங்கேயே இருப்பது என்பது எழுதாத சட்டமாக இருந்தது. வேலை என்பது ஊருக்குச் சொல்லும் முகவரி. தங்கைக்கு வரன் தேடும்போது காட்டும் அத்தாட்சி. வங்கியில் கடன் கேட்கும்போது நீட்டும் சாட்சி. அதை ஒருவர் தாமாகவே விடுவார் என்பது அவர்களால் எண்ணிப் பார்க்க முடியாத காரியம். அந்த மனநிலையைக் குறை சொல்வதற்கில்லை. சொந்த மண்ணை விட்டு வெகுதூரம் வந்து, மொழி தெரியாத ஊரில் வேர் விட்டவர்களுக்கு நிரந்தர வேலை ஒன்றே கையில் இருந்த பிடிமானம்.

வேலையே நம்மை விட்டுப் போகும்போது

ஆனால் நிரந்தரம் என்று நம்பியதெல்லாம் நிரந்தரமாக நிற்கவில்லை என்பதைப் புனேயே நமக்குக் கற்றுக்கொடுத்தது. பிம்பிரியில் 1954ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ், மருந்து தயாரிப்பதற்காக மத்திய அரசு தொடங்கிய முதல் நிறுவனம். அங்கு வேலை கிடைப்பது பெரும் பேறாகக் கருதப்பட்டது. பின்னாளில் அதே நிறுவனத்தில் ஊதியம் மாதக்கணக்கில் நிலுவையில் நின்ற காலமும் வந்தது. ஆகுர்டியில் ஸ்கூட்டர் தயாரித்துப் புகழ்பெற்ற பஜாஜ் ஆலையில் 2007ஆம் ஆண்டு வாகன உற்பத்தி நிறுத்தப்பட்டது. விருப்ப ஓய்வு என்ற சொல் அப்போது பல வீடுகளின் இரவுப் பேச்சாக இருந்தது. 2021 அக்டோபர் 1ஆம் தேதி, நாட்டின் 41 இராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளும் ஏழு புதிய அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. கட்கி, தேஹு ரோடு தொழிற்சாலைகள் புனேயையே தலைமையிடமாகக் கொண்ட மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தன. தாத்தா வேலை செய்த அதே வாசல், அதே சங்கொலி. ஆனால் முதலாளியின் பெயர் மாறிவிட்டது.

ஆகவே, வேலையைக் குறித்துச் சிந்திப்பது நன்றிகெட்ட தனம் அன்று. சிந்திக்காமல் இருப்பதே ஆபத்து. நாமாகச் சிந்தித்துத் தீர்மானித்தால் நாளையும் வழியையும் நாம் தெரிந்துகொள்ளலாம். சிந்திக்கத் தவறினால் வேறொருவர் நமக்காகத் தீர்மானித்துவிடுவார்.

நமக்கு முன்னே வேலையை விட்டவர்கள் எப்படி விட்டார்கள்? எதைப் பார்த்து விட்டார்கள்? பொது வாழ்வில் அறியப்பட்ட மூன்று பேரின் வரலாற்றை இங்கே பார்ப்போம்.

திருவல்லிக்கேணியிலிருந்து புனேக்கு

வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1869இல் கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் பிறந்தவர். எளிய குடும்பம். படித்து, ஆசிரியராகி, படிப்படியாக உயர்ந்து, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியராக விளங்கினார். ஆங்கிலப் புலமையில் நாடறிந்த பெயர். 1904இல் திருவல்லிக்கேணி கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டபோது அதிலும் முன்நின்றார். மதிப்பும் வருவாயும் நிலையாக இருந்த வாழ்க்கை அது.

அதே காலத்தில் புனேயில் கோபாலகிருஷ்ண கோகலே, பெர்குசன் கல்லூரியிலிருந்து 1902இல் ஓய்வு பெற்று, 1905ஆம் ஆண்டு ஜூன் மாதம் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவியிருந்தார். அச்சங்கத்தில் சேருகிறவர் ஐந்தாண்டு பயிற்சி பெறவேண்டும். தமக்கென்று பணம் சம்பாதிக்க முயலக்கூடாது. சங்கம் தமக்கும் தம் குடும்பத்திற்கும் கொடுப்பதைக் கொண்டு மனநிறைவோடு வாழவேண்டும். 1907இல், தம் முப்பத்தேழாம் வயதில், சாஸ்திரியார் தலைமை ஆசிரியர் பதவியை விட்டு இச்சங்கத்தில் சேர்ந்தார். 1915இல் கோகலே மறைந்தபோது, அவருக்குப் பின் சங்கத்தின் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டவர் இந்தத் தமிழரே.

இதில் நாம் கவனிக்க வேண்டிய காரியம் ஒன்று உண்டு. சாஸ்திரியார் பள்ளியில் வெறுப்படைந்து ஓடியவர் அல்லர். தலைமை ஆசிரியராக இருந்தபோதே கூட்டுறவு, ஆசிரியர் நலன் என்று பொதுக் காரியங்களில் கைவைத்து, தமக்கு எது பொருந்தும் என்று அறிந்திருந்தார். மேலும், கோகலேயின் விதிகளில் 'குடும்பம்' என்ற சொல் இருந்தது. பெரிய இலட்சியத்திற்கு ஆள் சேர்த்தவர்கள்கூட, வருகிறவரின் மனைவி மக்களுக்கு உணவு எங்கிருந்து வரும் என்பதை எழுதி வைத்தார்கள். முழுநேர ஊழியத்திற்கென்று வேலையை ராஜினாமா செய்ய எண்ணும் நம் சகோதரர்கள் இதைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். அழைப்பு ஒருவருக்கு வந்திருக்கலாம்; ஆனால் மாதக் கடைசியில் பால்காரருக்குப் பதில் சொல்லவேண்டியவர் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் மனைவி. அவருடைய மனமார்ந்த சம்மதமும், குடும்பத்தின் ஆதரவுக்கான தெளிவான ஏற்பாடும் இல்லாமல் எடுக்கப்படும் தீர்மானம் அரைத் தீர்மானமே.

பத்து ஆண்டு மாலைப் பொழுதுகள்

அடுத்து, சர் சி. வி. இராமன். திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த இவர், 1907இல் மத்திய நிதித்துறைத் தேர்வில் வென்று, பத்தொன்பது வயது நிறையுமுன்பே கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகப் பணியேற்றார். அக்காலத்தில் ஓர் இந்தியருக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த அரசு உத்தியோகங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அவருடைய உள்ளம் இயற்பியலில் இருந்தது.

அவர் உடனே வேலையை உதறவில்லை. பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தைக் கண்டுபிடித்து, அலுவலகம் செல்லுமுன்னும் அலுவலகம் முடிந்த பின்னும் அங்கே ஆராய்ச்சி செய்தார். நடுவில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலானார். மீண்டும் கல்கத்தாவுக்கு வந்தார். இப்படிப் பத்து ஆண்டுகள். ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன, பெயர் பரவியது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்த அசுதோஷ் முகர்ஜி, பாலித் பேராசிரியர் பதவியை அவருக்கு அளிக்க முன்வந்தார். 1917இல் அரசு உத்தியோகத்தை விட்டு, ஏறத்தாழப் பாதிச் சம்பளத்திற்கு அப்பதவியை ஏற்றார். 1930இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

பலர் இக்கதையில் பாதிச் சம்பளத்தை மட்டும் எடுத்துச் சொல்லி, "பார், எவ்வளவு துணிவு!" என்கிறார்கள். பத்து ஆண்டு மாலைப் பொழுதுகளை மறந்துவிடுகிறார்கள். புதிய தொழில் நமக்கு ஒத்து வருமா என்பதைப் பழைய தொழிலின் நிழலில் இருந்துகொண்டே சோதித்துப் பார்க்கலாம். மாலை நேர வகுப்பு எடுத்துப் பார்த்த பின் ஆசிரியராகலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர் வீட்டு விசேஷங்களுக்குச் சமைத்துப் பார்த்த பின் கேட்டரிங் தொடங்கலாம். ஆறு மாதம் மாலை நேரத்தில் செய்யும்போதே சலித்துப் போகிற காரியம், முழுநாளும் செய்யும்போது இனிக்கப்போவதில்லை.

ஒரு வீடு சேர்ந்து எடுத்த தீர்மானம்

மூன்றாவது வரலாறு புனேயிலேயே நடந்தது. 1974இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் முதுநிலைப் பொறியியல் படித்துக்கொண்டிருந்த சுதா குல்கர்னி என்ற பெண், டெல்கோ நிறுவனத்தின் விளம்பரத்தில் 'பெண்கள் விண்ணப்பிக்க வேண்டியதில்லை' என்று கண்டு, ஜே. ஆர். டி. டாடாவுக்கே ஓர் அஞ்சலட்டை எழுதினார். புனேக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டு, அந்நிறுவனத்தின் தொழிற்கூடத்தில் பணியேற்ற முதல் பெண் பொறியாளரானார். புனேயில்தான் அவர் நாராயண மூர்த்தியைச் சந்தித்தார். 1978இல் திருமணம் நடந்தது.

நாராயண மூர்த்தி அதற்கு முன்பே சாஃப்ட்ரானிக்ஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி, அது ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் நின்றுபோனதால் பட்னி கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அதாவது ஒருமுறை முயன்று தோற்றவர். 1981இல் மீண்டும் சொந்த நிறுவனம் தொடங்க எண்ணியபோது, வீட்டில் ஒரு வயதுக் குழந்தை. அவரும் உடன் பணியாற்றிய ஆறு பேருமாக, 1981 ஜூலையில் புனேயில் இன்ஃபோசிஸை நிறுவினார்கள். முதலீடு 10,000 ரூபாய். அது சுதா மூர்த்தியின் சேமிப்பிலிருந்து வந்தது.

பணத்தைவிடப் பெரிய உதவி ஒன்றையும் அவர் செய்தார். மூன்று ஆண்டுகள் குடும்பச் செலவைத் தாம் பார்த்துக்கொள்வதாக உறுதி கூறியதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். 1982இல் டெல்கோவை விட்டு விலகிய பின், புனேயிலேயே வால்சந்த் குழுமத்தில் வேலை பார்த்தார். புதிய நிறுவனமோ எளிதில் வளரவில்லை. ஒரு தொலைபேசி இணைப்புப் பெறவே ஏறக்குறைய ஓராண்டு காத்திருக்க வேண்டிய காலம் அது. கணினியை வெளிநாட்டிலிருந்து தருவிக்க உரிமம் பெறுவதற்கு அதைவிட நீண்ட காலம் ஆயிற்று. 1983இல் நிறுவனம் பெங்களூருக்கு இடம்பெயர்ந்தது. பங்குச் சந்தைக்கு வந்தது 1993இல்தான்.

அந்நிறுவனத்தின் இன்றைய செல்வத்தை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, 1981ஆம் ஆண்டின் அந்தச் சிறிய வீட்டுக் கணக்கை மட்டும் பாருங்கள். இழந்தாலும் குடும்பம் அழிந்துபோகாத ஒரு தொகை. 'மூன்று ஆண்டு' என்ற எல்லை. அந்த எல்லைக்குள் வீட்டை நடத்த இன்னொருவரின் வருமானம். தொகை, காலம், வீட்டு வருமானம் ஆகிய இம்மூன்றும் முன்கூட்டியே பேசப்பட்டிருந்தன. எல்லாரும் இன்ஃபோசிஸ் தொடங்க முடியாது. ஆனால் இம்மூன்றையும் எந்த வீட்டிலும் பேசலாம்.

எங்கள் வீட்டில் பார்த்த சோதனை

இக்கட்டுரையை எழுதுகிறவன் பிம்பிரிப் பகுதியில் ஒரு தனியார் தொழிற்சாலையின் டூல்ரூமில் பதினாறு ஆண்டுகள் பணியாற்றியவன். எனக்குக் கீழே பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு லேத் வேலையும் அளவெடுக்கும் முறையும் சொல்லிக்கொடுப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி இருந்தது. ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிற்றுநர் பணி காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டபோது எனக்கு வயது நாற்பத்தொன்று. சம்பளம் மூன்றில் ஒரு பங்கு குறைவு. மூத்தவள் எட்டாம் வகுப்பு. இளையவன் ஐந்தாம் வகுப்பு.

ஊருக்குத் தொலைபேசியில் சொன்னபோது அம்மா சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "ஏல, கம்பெனிக்காரன் உன்னப் போகச் சொல்லிட்டானா? மறைக்காம சொல்லு" என்றார்கள். வேலையை ஒருவர் தாமாக விடுவார் என்பது அவர்களுக்குப் புரியவே இல்லை. புரியவைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

செவிலியராகப் பணிபுரியும் என் மனைவி சொன்ன யோசனையே எங்களுக்கு வழிகாட்டியது. "மூன்று மாதம் அந்தப் புதிய சம்பளத்தில் வாழ்ந்து பார்ப்போம். மீதியைத் தொடாமல் வேறு கணக்கில் போட்டு வைப்போம்" என்றாள். அப்படியே செய்தோம். வாடகையும் பள்ளிக் கட்டணமும் எங்களை இடறச் செய்யும் என்று நான் எண்ணியிருந்தேன். அவை சமாளிக்கக்கூடியவையாகவே இருந்தன. எங்களைத் திணறடித்தது ஊர்ப் பயணமும், உறவினர் திருமணங்களில் செய்யவேண்டிய முறைகளும்தான். அந்த மூன்று மாதத்தில் இரண்டு திருமணங்கள் வந்தன. கூடவே, கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு மாதந்தோறும் போய்க்கொண்டிருந்த தவணையும் அந்தக் குறைந்த சம்பளத்தில் பாரமாகத் தெரிந்தது.

காகிதத்தில் எழுதிய கணக்கில் இவை அகப்படவில்லை; வாழ்ந்து பார்த்த கணக்கில் அகப்பட்டன. கடன் முடியும் வரை பதினொரு மாதம் காத்திருந்தேன். அடுத்த ஆண்டு அதே நிலையத்தில் மீண்டும் இடம் வந்தபோது அமைதியான மனதோடு கடிதம் கொடுத்தேன். தனி கணக்கில் சேர்ந்த மூன்று மாதத் தொகையே எங்கள் அவசர நிதியாயிற்று. வேலை மாறுவதைக் குறித்து என்னிடம் கேட்கிறவர்களுக்கெல்லாம் முதலில் இந்தச் சோதனையையே சொல்லுகிறேன்.

கோபமா, காரணமா?

வேலையை விடத் தூண்டுகிறவை எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. மேலாளர் கூட்டத்தில் கடிந்து பேசினார். உடன் படித்தவன் வெளிநாடு போய்விட்டான். இந்த ஆண்டு ஊதிய உயர்வு ஏமாற்றிவிட்டது. இவை கோபங்கள். கோபம் உண்மையானதுதான், ஆனால் அது ஆறக்கூடியது. மேலாளர்களும் மாற்றலாகிப் போகிறவர்களே.

வேறு சில ஆறாதவை. பொய்க் கணக்கிலோ போலி ஆவணத்திலோ கையெழுத்திடச் சொல்லுகிறார்கள் என்றால், அங்கே காத்திருந்து பயனில்லை. சம்பளத்தில் பிடித்த வருங்கால வைப்பு நிதியை நிறுவனம் கட்டாமலே இருக்கிறது என்றால், அது எச்சரிக்கை மணி. இடைவிடாத இரவு ஷிப்டினால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறிக்கொண்டே போகிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டால், உடலைவிட உத்தியோகம் பெரிதன்று. ஐந்து ஆண்டுகளாகப் புதிதாக ஒன்றும் கற்கவில்லை, நமக்குத் தெரிந்த இயந்திரமோ மென்பொருளோ வழக்கொழிந்து வருகிறது என்றால், அதுவும் காரணமே. குடும்பம் ஓரிடம், நாம் ஓரிடம் என்று ஆண்டுகள் கழிகின்றன என்றால், அதையும் இதே பட்டியலில் சேர்க்கவேண்டும்.

பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலொன்றில், ஓர் அமைப்பில் குறை காணும் மனிதருக்கு உள்ள வழிகளை ஆராய்ந்தார். வெளியேறுவது ஒன்று; உள்ளே இருந்து குரல் கொடுப்பது மற்றொன்று. இவ்விரண்டில் எதைத் தெரிந்துகொள்கிறோம் என்பதில் அந்த அமைப்பின்மேல் நமக்குள்ள பற்றும் பங்கு வகிக்கிறது என்றார். நம்மில் பலர் குரல் கொடுக்காமலே வெளியேறிவிடுகிறோம். "ஷிப்டு மாற்றித் தாருங்கள்", "வேறு பிரிவுக்கு மாற்றுங்கள்" என்று ஒருமுறை மரியாதையோடு எழுத்தில் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் வேலையை விடவேண்டிய அவசியமே இல்லை. கிடைக்காவிட்டால், தெளிவான மனதோடு புறப்படலாம்.

அதே வேளையில், விடாமல் இருப்பதே எப்போதும் விவேகம் என்றும் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் ஸ்டீவன் லெவிட், முடிவெடுக்க முடியாமல் தவித்தவர்களை நாணயம் சுண்டிப் பார்க்கச் சொல்லி ஓர் ஆய்வு நடத்தினார். 20,000க்கும் மேற்பட்ட முறை நாணயம் சுண்டப்பட்டது. வேலையை விடுவது போன்ற பெரிய காரியங்களில் மாற்றத்தைத் தெரிந்துகொண்டவர்கள், ஆறு மாதத்திற்குப் பிறகு, மாறாதவர்களைவிட மனநிறைவோடு இருந்ததாக 2021இல் வெளியான அந்த ஆய்வு கூறுகிறது. நாணயம் சுண்டித் தீர்மானியுங்கள் என்று நான் சொல்லவில்லை. நெடுநாள் இரு நினைவாய் நிற்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதையே இதிலிருந்து எடுத்துக்கொள்ளுகிறேன். ஆனால் கூட்டத்தோடு கூட்டமாக ஓடுவதும் தகாது. 2021ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் 4 கோடியே 70 இலட்சத்திற்கும் மேற்பட்ட ராஜினாமாக்கள் பதிவாயின. அந்த அலையைப் பார்த்து இங்கேயும் பலர் கடிதம் கொடுத்தார்கள். அலை ஓய்ந்தபோது பல நிறுவனங்கள் ஆட்குறைப்பில் இறங்கின.

கடிதம் கொடுக்குமுன் போடவேண்டிய கணக்கு

ஜெபித்துத் தீர்மானிக்கிறவர்களும் பென்சிலும் காகிதமும் எடுத்து உட்காரவேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமானவை அல்ல. கீழ்க்கண்ட ஐந்தையும் கவனியுங்கள்.

முதலாவது, பணிக்கொடை. நிரந்தரப் பணியாளர் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியிருந்தால், ஒவ்வோர் ஆண்டிற்கும் 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் இது கிடைக்கும். மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து ஒரு நாள் ஊதியம் கணக்கிடப்படும். அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய் பெறுகிறவர் பன்னிரண்டு ஆண்டு முடித்திருந்தால் 1,80,000 ரூபாய். அதே ஊதியத்தில் நான்கரை ஆண்டு முடித்தவர், இன்னும் ஆறு மாதம் பொறுத்தால் 75,000 ரூபாய் பெறுவார். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் நியமிக்கப்பட்டவர்கள் ஓராண்டு பணி முடித்தாலே விகிதப்படி பணிக்கொடைக்கு உரியவர்கள்.

இரண்டாவது, வருங்கால வைப்பு நிதி. வேலை மாறும்போதெல்லாம் அதை எடுத்துச் செலவழிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. இது நல்லதன்று. 2014 முதல் ஒவ்வொருவருக்கும் ஒரே நிரந்தர எண் இருப்பதால், பழைய கணக்கைப் புதிய நிறுவனத்திற்கு மாற்றிக்கொள்ளலாம். ஐந்து ஆண்டு தொடர் பணிக்கு முன் எடுத்தால் வருமான வரியும் உண்டு. ஓய்வூதியம் பெறுவதற்குப் பத்து ஆண்டு பணி தேவை. கணக்கை மாற்றினால் பழைய ஆண்டுகளும் சேரும், எடுத்துவிட்டால் அவை போய்விடும். சொந்தத் தொழிலுக்குப் போகிறவர்கள் ஓய்வூதியத்திற்கான திட்டச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும்.

மூன்றாவது, மருத்துவக் காப்பீடு. நிறுவனம் எடுத்துக் கொடுத்த குழுக் காப்பீடு, வேலையின் கடைசி நாளோடு முடிந்துவிடும். ஊரிலிருக்கும் வயதான பெற்றோரும் அதன் கீழ் இருந்தால் அவர்களுடைய பாதுகாப்பும் அன்றே நின்றுபோகும். புதிதாக எடுக்கும் காப்பீட்டில், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க நேரிடலாம். ஆகவே விலகுமுன்பே, குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் காப்பீட்டுக்கு மாறும் வசதியைக் கேட்டறியுங்கள்.

நான்காவது, கடன். வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால், சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே வாங்குவது எளிது. சொந்தத் தொழில் தொடங்கியவரிடம் வங்கிகள் சில ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கைக் கேட்கும். ஆனால் தவணை தொடங்கிவிட்டால், விடுவது கடினம் என்பதையும் மறவாதீர்கள்.

ஐந்தாவது, தாய்மார்களுக்கு. முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வார விடுப்பு பெறும் உரிமை 2017 முதல் இருக்கிறது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் குழந்தைக் காப்பக வசதி செய்யப்பட வேண்டும். பிரசவத்தின் களைப்பிலும், வீட்டாரின் வற்புறுத்தலிலும், இவற்றை அறியாமலே ராஜினாமா கொடுக்கும் சகோதரிகள் உண்டு. விடுப்பு முடியட்டும், உடல் தேறட்டும், பிறகு தீர்மானிக்கலாம். ஊரிலிருந்து அம்மாவோ அத்தையோ சில மாதம் வந்திருக்க இயலுமா என்றும் கேட்டுப் பாருங்கள். கேட்காமலே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

வெளியேறும் விதம்

எப்போது விடுகிறோம் என்பதைப் போலவே, எப்படி விடுகிறோம் என்பதும் முக்கியம். கையில் புதிய நிறுவனத்தின் எழுத்து மூலமான நியமனக் கடிதம் வருமுன் பழைய நிறுவனத்தில் கடிதம் கொடுக்காதீர்கள். வாய்மொழி உறுதி போதாது. கணினி நிறுவனங்களில் இரண்டு முதல் மூன்று மாத முன்னறிவிப்பு வழக்கமாக இருக்கிறது. அந்த நாட்களைக் கடமைக்காகக் கழிக்காமல், அடுத்து வருகிறவருக்கு வேலையை ஒழுங்காக ஒப்படையுங்கள். நாராயண மூர்த்தியே பழைய நிறுவனத்தில் ஏற்றுக்கொண்ட பணிகளை முடித்துக் கொடுத்துவிட்டு, தாம் நிறுவிய நிறுவனத்தில் மற்றவர் சிலருக்குப் பின்னரே வந்து சேர்ந்தார் என்பது பலரும் எடுத்துச் சொல்லும் செய்தி.

விடுவிப்புக் கடிதம், பணி அனுபவச் சான்றிதழ், வருமான வரிப் படிவம் இவற்றைக் கையோடு வாங்கிவிடுங்கள். பணி விலகியவரின் ஊதிய பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்கவேண்டும் என்று புதிய ஊதியச் சட்டம் சொல்லுகிறது. கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கடைசி நாளன்று பழைய மனக்கசப்புகளைக் கொட்டிவிட்டு வருவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. புனே பெரிய நகரம். ஆனால் ஒரு தொழிலில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்தே இருக்கிறார்கள்.

பிரியமான வாசகர்களே, இன்று விடவேண்டிய வேலையில் பயத்தினால் ஒட்டிக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே உண்டு. நிலைத்திருக்க வேண்டிய வேலையை அவசரத்தினால் இழந்தவர்களும் உண்டு. இரு சாராருக்கும் ஒரே ஆலோசனைதான். இந்த வாரம் ஒரு மாலை, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, கணவனும் மனைவியும் எதிரெதிரே அமருங்கள். விவரம் தெரிந்த பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளுங்கள். ஏன் விட நினைக்கிறோம், எவ்வளவு காலம் தாங்குவோம், எவ்வளவு இழக்கலாம் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதிலை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து மீண்டும் எடுத்து வாசியுங்கள். அப்போதும் அதே பதில் நின்றால், அஞ்சாமல் கடிதத்தை எழுதுங்கள். பதில் மாறியிருந்தால், நாளைக் காலை அதே கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போவதில் அவமானம் ஒன்றும் இல்லை. யோசித்து, தெரிந்தே தங்குகிறவனுக்கு, பழைய வேலையும் புது வேலைதான்.